நான்காம் படியை மூலம் என்று அழைக்கும் துறைகள்

ஓலைச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முனையும் எவரும் முதலில் எழுப்பும் வினா இதுதான்: கையில் இருப்பது மூலமா, படியா? படி எனில் எத்தனையாவது படி? ஏடெழுதியவர் எங்கே எழுத்தை விட்டார், எங்கே தமக்குத் தெரிந்த சொல்லைப் பெய்தார் என்பதையெல்லாம் ஆராய்ந்த பின்னரே பாடம் நிறுவப்படுகிறது. இந்த ஒழுக்கத்தில் ஊறிய மொழித்துறைகளே, காணொளி என்று வந்துவிட்டால், நான்காம் படியை வைத்துக்கொண்டு அதைக் கூசாமல் மூலம் என்று அழைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் மொழி ஆவணப்படுத்தலின் பெயரால் இன்று நடந்துவரும் மிகப் பெரிய தரவு அழிப்பு, தீயினாலோ கரையானாலோ நிகழவில்லை. இரண்டு மென்பொருள்களுக்கு இடையில், ‘ஏற்றுமதி’ என்ற பொத்தானை அழுத்தும் கணத்தில் நிகழ்கிறது.

களப்பணிக் காணொளி ஒன்று வழக்கமாகச் செல்லும் பாதையைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். ஆய்வாளர் பதிவைப் பிரீமியர் ப்ரோ போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்றி, வேண்டிய பகுதிகளை வெட்டுகிறார். வெட்டியதை எச்.264 முறையில் ஓர் எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்கிறார். இது முதற்படி. அக்கோப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற கம்போசிட்டிங் மென்பொருளுக்குக் கொண்டுபோய், இரண்டு கேமராக் கோணங்களை அருகருகே பொருத்துகிறார். பின்னால் கடந்து செல்வோரின் முகங்களை மங்கலாக்குகிறார். கையசைவின் பாதையைக் கோடாக வரைகிறார். சொல்லுக்குச் சொல் பொருளைப் படத்தின் மீதே எழுதுகிறார். அங்கிருந்து இன்னொரு எம்பி4. இது இரண்டாம் படி. அது படத்தொகுப்புக்குத் திரும்பித் தலைப்பும் முடிப்பும் சேர்க்கப்பட்டு மீண்டும் ஏற்றுமதியாகிறது. இது மூன்றாம் படி. நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுகையில் நான்காம் முறை அமுக்கப்படுகிறது. துறையின் வன்தட்டில் இறுதியில் தங்குவது பெரும்பாலும் இந்த நான்காம் படிதான். கேமராவின் நினைவக அட்டையோ, அடுத்த களப்பயணத்துக்காக எப்போதோ துடைக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பாதையில் ஒவ்வோர் அடியிலும் என்ன இழக்கப்படுகிறது என்பதை அறிய, எச்.264 எதற்காக உருவானது என்று நினைவுகூர வேண்டும். 2003-இல் தரப்படுத்தப்பட்ட அம்முறை, குறைந்த இடத்தில் கண்ணுக்கு இதமான படத்தைக் கொண்டுசேர்ப்பதற்கானது. அப்பணியில் அது சிறந்தது. பொதுவாக அது எல்லா ஃபிரேம்களையும் முழுப்படமாக வைத்துக்கொள்வதில்லை. சிலவற்றை மட்டும் முழுமையாக வைத்து, ஏனையவற்றை ‘அண்டை ஃபிரேமிலிருந்து எது எங்கே நகர்ந்தது’ என்ற குறிப்பாகச் சேமிக்கிறது. அக்குறிப்பில் அடங்காத நுண்விவரங்களைப் பார்வையாளர் கவனிக்கமாட்டார் என்ற கணிப்பில் கழித்துவிடுகிறது. அவ்வாறு கழிபடுபவை விரைந்து அசையும் சிறு பரப்புகள், மெல்லிய விளிம்புகள், நிழலில் கிடக்கும் மங்கிய வேறுபாடுகள் ஆகியவை. இரண்டாம் முறை அமுக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. எது முகம், எது முதல் அமுக்கம் விட்டுச்சென்ற கசடு என்று மென்பொருளுக்குத் தெரியாது. கசடையும் தரவென்று கருதி அதற்கும் பிட்டுகளைச் செலவிட்டு, அந்தச் செலவை எஞ்சியிருந்த முகத்திலிருந்து ஈடுகட்டுகிறது. ஏடெழுதியவரின் பிழையை அடுத்தவர் மூலபாடம் என்று நம்பிப் பிரதியெடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

‘பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது இதற்குக் கிடைக்கும் முதல் மறுமொழி. பார்ப்பதற்கு நன்றாக இருக்கவேண்டும் என்பதே அம்முறையின் நோக்கம். ஆகவே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொழியியலாளர் காணொளி எடுத்தது ரசிப்பதற்காக அன்று, அளப்பதற்காக. அளவையில் இந்த இழப்பு எங்கே வந்து விழுகிறது என்பதைக் காட்டச் சைகைமொழியைவிடத் தெளிவான இடம் இல்லை.

சைகைமொழி ஆய்வில் காணொளியே மொழி. அதற்குப் பின்னால் வேறொரு ‘உண்மையான’ ஒலிப்பதிவு கிடையாது. கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவற்றோடு புருவமும் கண்ணும் வாயும் தலையசைவும் இலக்கணப் பொறுப்பு ஏற்கின்றன. இந்தியாவில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம் என்பது நெடுநாள் வழக்கம். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி. ஒரு விரல் மடங்கி விரிவதும், ஒரு புருவம் எழுந்து தணிவதும் சில ஃபிரேம்களுக்குள் முடிந்துவிடும். அந்தச் சில ஃபிரேம்களில் விரல்களுக்கு இடையிலான விளிம்பு கரைந்தால் இழக்கப்படுவது அழகன்று. ஒரு கைவடிவத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் வேறுபாடு, அதாவது ஒலியன் ஆய்வில் பொருள் வேறுபடுத்தும் கூறு என்று கற்பிக்கப்படும் அதே பொருள்.

பழைய பதிவுகளில் சேதம் இன்னும் ஆழமானது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மினி டி.வி. கேசட்டுகளில் எடுக்கப்பட்ட களப்பதிவுகள், ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாகப் பிரித்து, வெவ்வேறு கணங்களில் பதிந்தவை. எனவே அவற்றில் விநாடிக்கு 50 காலப்புள்ளிகள் உள்ளன. 20 மில்லிவிநாடிக்கு ஒன்று. கம்போசிட்டிங் மென்பொருளுக்கு இக்கோப்பு செல்லும்போது, எந்தப் பாதி முதலில் வரவேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும். அந்தக் கேசட்டுகளில் கீழ்ப்பாதி முதல். பின்னர் வந்த எச்டி பதிவுகளில் மேற்பாதி முதல். மாற்றிச் சொன்னால் கை முன்னும் பின்னுமாக உதறும். அந்த உதறலைக் கண்டு அஞ்சி ஒரு பாதியை முழுவதுமாக நீக்கிவிடுவதே பலர் கையாளும் குறுக்குவழி. அதனால் படத்தின் வரிகளில் பாதியும் காலப்புள்ளிகளில் பாதியும் ஒரே கணத்தில் ஒழிகின்றன. ஆய்வேட்டின் முறையியல் இயலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஃபிரேம் வீதமும் இவ்வாறே. 25 ஃபிரேம் பதிவு, கம்போசிட்டிங் மென்பொருளில் முன்னரே அமைந்துள்ள 29.97 என்ற அமெரிக்க அளவுக்குள் கவனமின்றி இடப்பட்டால், ஏறத்தாழ ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டிக்கிறது. அது திரும்பவும் 25 ஃபிரேம் படத்தொகுப்புக்குள் வரும்போது சில ஃபிரேம்கள் கழிக்கப்படுகின்றன. கழிவது இரட்டித்த ஃபிரேம்தான் என்பதற்கு உறுதியில்லை. உண்மை ஒன்று போய்ப் பொய் ஒன்று நிலைத்துவிடலாம். இதன்பின் ‘இலான்’ மென்பொருளில் மில்லிவிநாடிக் கணக்கில் குறிப்பெழுதி, ஒரு சைகை எவ்வளவு நேரம் நிலைத்து நின்றது என்று அட்டவணை போடுவதில் என்ன பொருள்? தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள். அடித்தளத்தில் போலி ஃபிரேம். கைபேசியில் எடுத்த பதிவுகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவை பெரும்பாலும் ஃபிரேம் வீதத்தை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே செல்பவை. அவற்றை அப்படியே இரு மென்பொருள்களுக்கு இடையே நகர்த்தினால் உதடும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். உதடு மூடித் திறக்கும் ஒலி ஒன்றின் அடைப்பு இரண்டு மூன்று ஃபிரேம்களுக்குள் முடிந்துவிடும் என்பதை அறிந்தவருக்கு, ஓரிரு ஃபிரேம் விலகலின் பொருள் புரியும்.

பச்சைத் திரையின் முன் சைகைகளைப் பதிந்து பின்னணியை நீக்கும் வழக்கமும் பெருகிவருகிறது. சாதாரணக் கேமராக்கள் ஒளிர்வுத் தகவலை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கின்றன. பச்சையை நீக்கும் கருவி நம்பியிருப்பதோ நிறத் தகவலையே. மூலத்திலேயே அது கால்பங்கு. அதை மீண்டும் அமுக்கி எடுத்துச் சென்றால் விரல்களின் ஓரம் அரிக்கப்பட்டு, இரு விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இதை மென்பொருளின் குறை என்பார்கள். கொடுக்கப்பட்டது எச்சில் இலை. குறை சமையற்காரர் மீது.

நிழலில் நிகழ்வதையும் சொல்லவேண்டும். களப்பதிவு என்பது வெளிச்சம் நிறைந்த படப்பிடிப்புத் தளத்தில் நடப்பதன்று. ஒற்றை விளக்கு எரியும் அறையில், கருநிற முகமுடைய ஒரு மூதாட்டி, இருண்ட சுவரின் முன் அமர்ந்து கதை சொல்கிறார். 8 பிட் பதிவில் ஒளிர்வுக்கு 256 படிநிலைகளே உண்டு; அந்த முகம் முழுவதும் அவற்றின் அடிமட்டத்தில் சில படிநிலைகளுக்குள் அடங்கியிருக்கிறது. அமுக்க முறை முதலில் சமப்படுத்திவிடுவது அத்தகைய மெல்லிய வேறுபாடுகளைத்தான். இதனோடு, ஒரு மென்பொருள் 0 முதல் 255 வரை என்று எழுதியதை மற்றொன்று 16 முதல் 235 வரை என்று படித்துவிட்டால், எஞ்சிய நிழல் விவரமும் முழுக் கருமைக்குள் வெட்டுண்டு போகும். அந்நிலையில் ஏற்றுமதி செய்யப்பட்ட கோப்பை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. இழப்பு எல்லா முகங்களின் மீதும் சமமாக விழுவதில்லை. யாருடைய மொழி ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறதோ, பெரும்பாலும் அவர் முகமே முதலில் கரைகிறது.

இத்தனைக்கும் மாற்று அரிதானதன்று. நான்கு விதிகள் போதும்.

முதலாவது, கேமரா எழுதிய கோப்பு ஒரு பிட்டும் மாறாமல் இரண்டு இடங்களில் சேமிக்கப்படவேண்டும். மாறவில்லை என்பதற்குச் செக்சம் சான்றாக இருக்கவேண்டும். அது எச்.264 ஆகவே இருந்தாலும் அதுவே மூலம்; அதைத் ‘தரமுயர்த்த’ வேண்டியதில்லை.

இரண்டாவது, இரு மென்பொருள்களுக்கு இடையே கூடுமானவரை படத்தையே அனுப்பாமல், படத்தைச் சுட்டும் குறிப்பை மட்டும் அனுப்பவேண்டும். பிரீமியர் ப்ரோவுக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கும் இடையே டைனமிக் லிங்க் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. டாவின்சி ரிசால்வில் படத்தொகுப்பும் ஃபியூஷன் எனும் கம்போசிட்டிங்கும் ஒரே மென்பொருளுக்குள் அமைந்துள்ளன. அதன் இலவசப் பதிப்பிலும் இது கிடைக்கிறது. மற்ற மென்பொருள்களிடையே வெட்டுப்பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பலாம்.

மூன்றாவது, படத்தை அனுப்பியே தீரவேண்டும் எனில், ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற இடைநிலைக் கோடெக்குகளில் அனுப்பவேண்டும். அவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சேமிப்பவை. நிறத் தகவலை மிகுதியாகத் தாங்குபவை. 10 பிட், அதாவது 1024 படிநிலைகள் வரை, கொள்பவை. ஊடுருவு பின்னணியோடு அனுப்ப ப்ரோரெஸ் 4444 உண்டு. சிறிதும் இழப்பே கூடாதெனில் எஃப்எஃப்வி1 இருக்கிறது. 2021-இல் அது இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாகவே வெளியிடப்பட்டுவிட்டது. கம்போசிட்டிங் மென்பொருளின் உள்ளேயும் திட்டத்தை 8 பிட்டில் விட்டுவிடாமல் 16 பிட்டுக்கு உயர்த்தவேண்டும். மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் கருவிக்கு விலையே இல்லை.

நான்காவது, எச்.264-க்கு மாற்றுவது ஒரே ஒருமுறை, இறுதியில், பார்வையாளருக்காக மட்டும் நிகழவேண்டும். சொற்பொருளும் வசனமும் படத்தின் மீது எழுதப்படாமல் தனிக் கோப்பாக உடன் செல்லவேண்டும். இன்று தவறாக எழுதிய பொருள்விளக்கத்தை நாளை திருத்தலாம். அதன் அடியில் புதைந்த கையைத் தோண்டியெடுக்க முடியாது.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. செலவு என்பது அவற்றுள் நியாயமானது. முழு எச்டி, 25 ஃபிரேம் பதிவை ப்ரோரெஸ் 422-ஆக மாற்றினால் விநாடிக்கு ஏறத்தாழ 122 மெகாபிட். மணிக்கு 55 ஜிகாபைட். விநாடிக்கு 24 மெகாபிட்டில் எழுதும் கேமராவின் மூலக் கோப்போ மணிக்கு 11 ஜிகாபைட்தான். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் நாட்டில், வன்தட்டு வாங்கச் சொல்வது எளிது, வாங்குவது எளிதன்று. ஆனால் இந்தக் கணக்கை நின்று படிக்கவேண்டும். 55 ஜிகாபைட் என்பது வேலை நடக்கும் வரை மட்டுமே தேவைப்படும் இடைநிலைக் கோப்பு; வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். நிலையாகக் காக்கவேண்டியது 11 ஜிகாபைட் மூலத்தை. பத்து மணி நேரக் களப்பதிவு 110 ஜிகாபைட். இதற்கு இடமில்லை என்று ஒரு துறை சொன்னால், இல்லாதது இடம் அன்று.

எல்லா ஆய்வுக்கும் இவ்வளவு கடுமை வேண்டுமா என்பதும் நேர்மையான வினா. வேண்டாம். ஒலியை மட்டுமே ஆராய்ந்து, பேசியவர் யார் என்று அடையாளம் காணக் காணொளியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு நல்ல எம்பி4 போதும். இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட 10,000 சொற்களைக் கொண்ட அகராதியின் மூன்றாம் பதிப்பு, கற்போரின் கைபேசிக்கு இணையம் வழியே சென்று சேரவேண்டியது; அத்தகைய காணொளி அமுக்கப்பட்டிருப்பதே முறை. விநியோகப் படி தேவையற்றது என்று எவரும் சொல்லவில்லை. விநியோகப் படியை மூலத்தின் நாற்காலியில் அமர்த்துவதே பிழை.

மூன்றாவது எதிர்வாதம்தான் சினமூட்டுவது: ‘மொழியியலாளர் தொழில்நுட்பர் அல்லர்.’ ஒலியியல் ஆய்வில் இந்தச் சாக்கு செல்லுமா? அங்கே 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு கேட்கப்படுகிறது. மாணவர் எம்பி3 கொண்டுவந்தால், அமுக்கப்பட்ட ஒலியில் அளவை செய்வதா என்று கண்டிக்கப்படுகிறார். அந்தக் கண்டிப்பு சரியானது. அதே பேராசிரியர் அடுத்த அறையில், நான்குமுறை அமுக்கப்பட்ட காணொளியிலிருந்து எடுத்த சைகை அளவைகளைக் கேள்வியின்றி ஏற்கிறார். செவிக்கு ஒரு நீதி, கண்ணுக்கு ஒரு நீதி. இதன் வேர் தொழில்நுட்பத்தில் இல்லை. மொழி என்றால் ஒலி, காட்சி அதற்கு வெறும் அணி என்ற பழைய எண்ணத்தில் இருக்கிறது. சைகைமொழியும் மொழியே என்று முதலாம் பருவ வகுப்பில் பாடம் நடத்தும் துறைகள், அந்தப் பாடத்தைத் தம் வன்தட்டுகளில் நம்பவில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகைமொழியை நாடெங்கும் தரப்படுத்தவேண்டும் என்கிறது. கரைந்த விரல்களைக் கொண்ட தரவிலிருந்து எதைத் தரப்படுத்துவது?

பேச்சுமொழிகளின் நிலையும் இதற்கு விலக்கன்று. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் மறைந்தபோது, போ மொழியின் கடைசிப் பேச்சாளர் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடன் பணியாற்றிப் பதிவுகள் செய்திருந்ததால்தான் அம்மொழியைப் பற்றி இன்று இவ்வளவேனும் பேச முடிகிறது. 2013-இல் தொடங்கி மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் செயல்படுத்தும் அருகிவரும் மொழிகள் பாதுகாப்புத் திட்டம், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை நோக்கியது. இத்தகைய மொழிகளில் ‘மறுபடியும் போய் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ப்பே கிடையாது. அங்கே ஒரு கோப்பைச் சிதைப்பது, ஒரே சுவடி மட்டும் எஞ்சிய நூலின் மீது நீரை ஊற்றுவதற்கு ஒப்பானது. நீரை ஊற்றியவர் குற்றவாளி என்று எல்லோரும் அறிவர். பொத்தானை அழுத்தியவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கிறது.

எனவே துறைகள் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. காணொளியைத் தரவாகக் கொள்ளும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் அதன் படிவரலாறு அரைப்பக்க அளவில் எழுதப்படவேண்டும்: எந்தக் கேமரா, என்ன ஃபிரேம் வீதம், என்ன கோடெக், எந்த மென்பொருளிலிருந்து எதற்கு எவ்வடிவில் சென்றது, அளவை செய்யப்பட்டது எத்தனையாவது படியில். மூலக் கோப்பு, பதிவில் இருப்போரின் ஒப்புதலுக்கு உட்பட்டு, துறையில் ஒப்படைக்கப்படவேண்டும். முறையியல் தாளில் புள்ளியியலுக்கு ஒதுக்கும் நேரத்தில் இரண்டு வகுப்புகள் இதற்கு ஒதுக்கப்படவேண்டும்.

அதுவரை, வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்கள் ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கட்டும்: ‘மூலக் கோப்பு எங்கே?’ அந்த அறையில் மாணவர் நெறியாளரைப் பார்ப்பார். நெறியாளர் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார். அடுத்த ஆண்டு அந்தத் துறையில் எவரும் நினைவக அட்டையைத் துடைக்கமாட்டார்கள்.